மேடையில் தளராத பேஸ் பெட்டி: டி.ஐ. பெடலின் உறுதி எதில் இருக்கிறது?

பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளுள் மிகத் தடித்ததாகிய ஈ கம்பி, எங்கும் அழுத்தாமல் மீட்டப்படும்போது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஐந்து கம்பிகள் கொண்ட கருவியில் அதற்கும் கீழே அமைந்துள்ள பி கம்பி ஏறத்தாழ 31 முறை அதிர்கிறது. இத்தகைய தாழ்ந்த ஒலியைக் காற்றில் வலுவாக எழுப்ப வேண்டுமானால் பழைய டபுள் பேஸ் போன்ற ஆளுயர மரக்கூடு தேவைப்படும். 1951-இல் லியோ ஃபெண்டர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் என்னும் கருவி அந்தக் கூட்டையே விட்டுவிட்டு, கெட்டியான மரப்பலகையின்மேல் கம்பிகளைப் பூட்டி, ஒலியை முழுவதும் மின்சாரத்தின் பொறுப்பில் ஒப்படைத்தது. அன்று முதல் பேஸ் கிட்டாரின் குரல் பெரும்பாலும் மின்சுற்றிலேயே உருவாகிறது என்பதால், வாசிப்பவரின் காலடியில் கிடக்கும் சிறிய உலோகப் பெட்டியை ஒரு துணைக்கருவி என்று ஒதுக்கிவிட முடியாது. அது இசைக்கருவியின் உறுப்பாகவே ஆகிவிடுகிறது.

அந்தப் பெட்டி இரண்டு பணிகளைச் செய்கிறது. கருவியிலிருந்து வரும் நலிந்த மின்குறிப்பை வலுப்படுத்தி, அதன் தாழ்ந்த, நடு, உயர்ந்த பகுதிகளைத் தேவைக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ ஒலியின் நிறத்தை அமைப்பது முதற்பணி. இதைச் செய்யும் பகுதிக்கு முன்பெருக்கி என்று பெயர், மேடை வழக்கில் ப்ரீஆம்ப். அவ்வாறு அமைந்த குறிப்பை, ஒலிப்பொறியாளரின் மிக்சர் ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றி நெடுந்தொலைவுக் கேபிளில் பழுதின்றி அனுப்புவது இரண்டாம் பணி. மைக்ரோஃபோனின் இடையீடு இல்லாமல் கருவியின் குறிப்பை நேரடியாக மிக்சருக்குள் செலுத்துவதால் இப்பகுதி டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்றும், சுருக்கமாக டி.ஐ. என்றும் அழைக்கப்படுகிறது. 1960-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்த மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் இவ்வாறு நேரடியாகவே பதிவு செய்யப்பட்டது. அந்தப் பதிவுகளில் ஒவ்வொரு சுரமும் தனித்துத் துலங்கியது, பின்வந்த ஒலிப்பதிவாளர்களுக்கு ஓர் அளவுகோலாக அமைந்தது.

இன்று இவ்விரு பணிகளையும் ஒரே பெடலில் அடக்கிய பெட்டிகள் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் எது மேடையின் அடிதடியைத் தாங்கி உழைக்கும் என்பதை அறிய, பெட்டியின் தகட்டைத் தட்டிப் பார்ப்பது போதாது; குறிப்பு எந்த வழியில் செல்கிறது, அவ்வழியில் எந்த இணைப்பு முதலில் தளரும், தளர்ந்தால் ஒலிக்கு என்ன நேரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காண வேண்டும்.

பிக்கப் என்னும் மெல்லிய ஊற்று

கம்பிகளுக்கு அடியில் காந்தத் தண்டுகளைச் சுற்றி, மயிரிழை போன்ற செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றி அமைத்த சுருளே பிக்கப் எனப்படுகிறது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதியின்படி, கம்பியின் அசைவு மின்குறிப்பாக மாறுகிறது. சுற்றுகள் மிகுதியாக இருப்பதால் குறிப்பு ஓரளவு வலுப்பெறுகிறது; அதே மிகுதியால் சுருளின் மின்மறிப்பும் உயர்கிறது. மின்மறிப்பு என்பது மாறுமின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் மொத்த எதிர்ப்பு ஆகும். சுருளுக்குச் சாதாரண மின்தடையோடு, அதிர்வெண் ஏற ஏற எதிர்ப்பும் ஏறும் தூண்டல் இயல்பும் உண்டு.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். சுருளின் மின்தடை 10 கிலோ ஓம் என்றும், அதன் தூண்டல் அளவு 4 ஹென்றி என்றும், மிக்சரின் மைக்ரோஃபோன் நுழைவாயில் 2 கிலோ ஓம் என்றும் கொள்வோம். இவற்றை நேரடியாக இணைத்தால், தாழ்ந்த ஒலிகளிலேயே குறிப்பு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதற்குமேல் ஏறத்தாழ 480 ஹெர்ட்ஸைத் தாண்டிய ஒலிகள் அனைத்தும் படிப்படியாக மங்கிவிடும். விரல் கம்பியைத் தொடும் ஓசை, சுரத்தின் தொடக்கக் கூர்மை, ஒரு சுரத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மேற்சுரங்கள் ஆகியவை அந்த எல்லைக்கு மேலேதான் பெரும்பாலும் இருப்பதால், கேட்பவருக்கு எஞ்சுவது மந்தமான முழக்கம் மட்டுமே. நுழைவாயில் 1 மெகா ஓமாக, அதாவது பத்து லட்சம் ஓமாக இருந்தால், தாழ்ந்த ஒலிகளில் குறிப்பின் 99 விழுக்காடு அப்படியே கிடைக்கும். ஆகவே பெடல் ஒன்றைத் தேர்பவர் முதலில் பார்க்க வேண்டிய எண் அதன் உள்ளீட்டு மின்மறிப்பு. கருவிக்குள் மின்கலம் இல்லாத பேஸுக்கு அது 1 மெகா ஓமை ஒட்டியிருப்பது நலம்.

கேபிளின் நீளத்துக்கும் இதில் பங்கு உண்டு. நடுக்கம்பியும் அதைச் சுற்றிய உலோகப் பின்னலும் சேர்ந்து ஒரு மின்தேக்கிபோல் செயல்படுகின்றன. பொதுவாக ஒரு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவில் மின்தேக்கம் சேர்கிறது. பிக்கப்பின் தூண்டலும் கேபிளின் மின்தேக்கமும் கூடி ஓர் ஒத்ததிர்வுப் புள்ளியை உண்டாக்குகின்றன. அப்புள்ளிக்கு மேற்பட்ட ஒலிகள் விரைவாகத் தேய்கின்றன. மேற்சொன்ன பிக்கப்போடு 6 மீட்டர் கேபிளை இணைத்தால் அந்தப் புள்ளி ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸில் நிற்கும். 30 மீட்டர் கேபிளை இணைத்தால் 1,400 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். டி.ஐ. பெட்டியின் வெளியீட்டு மின்மறிப்போ சில நூறு ஓம்களே. அங்கிருந்து புறப்படும் குறிப்புக்கு அதே 30 மீட்டர் கேபிள் செவிக்கு எட்டும் எந்த இழப்பையும் தருவதில்லை. டி.ஐ. பெட்டி மிக்சரின் அருகில் இல்லாமல் வாசிப்பவரின் காலடியில் வைக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

இரைச்சலை வெல்லும் இரட்டைக் கம்பி

மேடையெங்கும் மின்கம்பிகள், விளக்குகள், மின்மாற்றிகள் பரவிக் கிடக்கின்றன. இந்திய மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அவற்றிலிருந்து கேபிளுக்குள் புகும் முனகல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கேட்கிறது. பேஸ் கிட்டாரின் ஈ கம்பியில் மூன்றாம் கட்டையில் பிறக்கும் ஜி சுரத்தின் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ் என்பதைக் கவனித்தால், பேஸ் வாசிப்பவரின் இக்கட்டு புலப்படும். பாடகரின் மைக்ரோஃபோனில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை வடிகட்டி எறிந்துவிடலாம். பேஸில் அப்படிச் செய்தால் முனகலோடு இசையும் போய்விடும். எனவே முனகலை உள்ளே விட்டபின் நீக்க முயல்வதைவிட, உள்ளே விடாமல் காப்பதே பேஸுக்கு உரிய வழி.

அந்தக் காப்பைச் சமனிலை இணைப்பு தருகிறது. எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று முனை இணைப்பியில் முதல் முனை எர்த்; இரண்டாம் முனையில் குறிப்பு நேராகவும், மூன்றாம் முனையில் அதே குறிப்பு தலைகீழாகவும் செல்கின்றன. வழியில் புகும் முனகல் ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட அவ்விரு கம்பிகளிலும் ஒரே அளவில், ஒரே திசையில் ஏறுகிறது. மிக்சர் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால், பொதுவாக ஏறிய முனகல் கழிந்துவிடுகிறது. எதிரெதிராக வந்த இசை நிலைக்கிறது.

முனகலுக்கு இன்னொரு வாசலும் உண்டு. மேடையில் உள்ள ஆம்ப்ளிஃபையர் ஓர் எர்த்திலும், தொலைவிலுள்ள மிக்சர் வேறோர் எர்த்திலும் இணைந்திருந்து, அவ்விரண்டுக்கும் இடையே சிறிதளவு மின்னழுத்த வேறுபாடு இருந்தால், கேபிளின் பின்னல் வழியாகத் தேவையற்ற மின்னோட்டம் சுழலும். டி.ஐ. பெட்டியிலுள்ள எர்த் துண்டிப்புச் சுவிட்ச் அந்தச் சுழலைக் குறிப்புக் கேபிளில் மட்டும் அறுக்கிறது. சிலர் இதே முனகலை நீக்க, ஆம்ப்ளிஃபையரின் மின்செருகியில் உள்ள எர்த் முனையையே கழற்றிவிடுகிறார்கள். கருவியின் கம்பிகளும் மைக்ரோஃபோனின் உலோக வலையும் ஒரே நேரத்தில் உடலைத் தொடும் மேடையில் அது உயிருக்கு ஆபத்தான செயல். வெட்டவெளியில் ஜெனரேட்டர் மின்சாரத்தில் நடக்கும் திருவிழாக் கச்சேரிகளில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

மின்மாற்றியா, மின்சுற்றா?

டி.ஐ. பெட்டிகள் இருவகைப்படும். முதல் வகையில் ஒரு மின்மாற்றி மட்டுமே உண்டு. மின்கலமோ அடாப்டரோ தேவையில்லை. அதன் முதற்சுருளில் உள்ள சுற்றுகள் இரண்டாம் சுருளைப்போல் 12 மடங்கு என்றால், மின்னழுத்தம் 12-இல் ஒரு பங்காகக் குறையும். மின்மறிப்போ அவ்வெண்ணின் வர்க்கமாகிய 144 மடங்கு பெருகித் தோன்றும். இதனால் மிக்சரின் 1.5 கிலோ ஓம் நுழைவாயில், கருவியின் கண்ணுக்கு 216 கிலோ ஓமாகத் தெரிகிறது. இரு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லாமல் காந்தத் தொடர்பு மட்டுமே இருப்பதால், எர்த் சுழலும் அறுபடுகிறது. பிக்கப்பைப் பிறப்பித்த ஃபாரடேயின் விதியே இங்கு இரண்டாம் முறையாகப் பணி செய்கிறது.

மின்மாற்றியின் எல்லை அதன் இரும்பில் இருக்கிறது. ஒரே மின்னழுத்தத்துக்கு, 310 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 31 ஹெர்ட்ஸ் ஒலி பத்து மடங்கு காந்தப் பாயத்தை இரும்பு உள்ளகத்தில் கோருகிறது. உள்ளகம் அதற்குமேல் காந்தத்தை ஏற்க இயலாத தெவிட்டு நிலையை அடைந்தால், அலையின் உச்சி மழுங்கி ஒலி சிதைகிறது. சிறிய, மலிவான மின்மாற்றிகள் பாடகருக்கும் கீபோர்டுக்கும் போதுமானவையாக இருந்தும் பேஸின் கீழ்ச்சுரங்களில் தோற்பது இதனால்தான். நல்ல நிக்கல்-இரும்புக் கலவை உள்ளகத்தின் விலை அதன் எடைக்குத் தக்கபடி உயர்வதும் இதனால்தான்.

இரண்டாம் வகையில் டிரான்சிஸ்டரோ ஒருங்கிணைந்த சுற்றோ கருவியின் குறிப்பை உயர்ந்த மின்மறிப்புள்ள நுழைவாயிலில் ஏற்று, தாழ்ந்த மின்மறிப்பில் வெளியே அனுப்புகிறது. கன்ட்ரிமேன் டைப் 85, ரேடியல் ஜே48 போன்ற புகழ்பெற்ற பெட்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மின்சாரம் வேண்டும். அதை மிக்சரே எக்ஸ்.எல்.ஆர். கேபிளின் வழியாக அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஃபான்டம் மின்வழங்கல் என்று பெயர். 1966-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலி நிறுவனத்துக்காக மைக்ரோஃபோன்களை உருவாக்கியபோது, அங்கே அவசரகால விளக்குகளுக்காக ஏற்கெனவே இருந்த 48 வோல்ட் மின்சாரத்தைப் பயன்படுத்திக்கொண்டது. அந்த எண்ணே பின்னர் உலகெங்கும் நிலைபெற்றது.

48 வோல்ட் என்பது பெரிதாகத் தோன்றினாலும், அது இரண்டு 6.8 கிலோ ஓம் தடைகளைக் கடந்து வருவதால், எவ்வளவு முயன்றாலும் ஏறத்தாழ 0.17 வாட்டுக்குமேல் அதிலிருந்து பெற முடியாது. சில மில்லி ஆம்பியரில் இயங்கும் எளிய சுற்றுக்கு அது போதும். ஆம்ப்ளிஃபையர்களை எண்முறையில் போலச்செய்யும் பெடல்களோ 9 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் அளவில், அதாவது 2.7 வாட் வரை கேட்பதால், அவற்றுக்கு அடாப்டர் இன்றி வழியில்லை. ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 9 வோல்ட் மின்கலமும் 10 மில்லி ஆம்பியர் பெடலை ஐம்பது மணி நேரம் தாங்கும். 300 மில்லி ஆம்பியர் பெடலை இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

முன்பெருக்கி கூட்டுவது

பேஸ் ஆம்ப்ளிஃபையரின் ஒலிபெருக்கிக் கூடு சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. குறிப்பை வேண்டுமென்றே சிதைத்து முறுக்கேற்றும் ஒலிவகையில், அந்த விழுங்கல் இல்லாவிட்டால் கரகரப்பு காதைக் கிழிக்கும். ஆகவே நேரடியாக மிக்சருக்குச் செல்லும் முன்பெருக்கி, கூட்டின் இந்த இயல்பையும் மின்சுற்றால் போலச்செய்ய வேண்டியிருக்கிறது. 1989-இல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ பார்டா வடிவமைத்த சான்ஸ்ஆம்ப் என்னும் பெடல் இதை ஒப்புமைச் சுற்றுகளைக் கொண்டே செய்து காட்டியது. பின்னர் வந்த அதன் பேஸ் வடிவம், ஆம்ப்ளிஃபையரே இல்லாமல் மேடையேற இயலும் என்ற நம்பிக்கையைப் பலருக்கு அளித்தது.

இத்தகைய பெடலில் கவனிக்க வேண்டிய மற்றொன்று உச்சவரம்பு, அதாவது சிதையாமல் ஏற்கக்கூடிய மிகப்பெரிய குறிப்பு. கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிக்கும்போது, உள்ளே மின்கலம் கொண்ட பேஸிலிருந்து சில வோல்ட் அளவிலான உச்சிகள் வெளிப்படும். 9 வோல்ட்டில் இயங்கும் சுற்று அந்த 9 வோல்ட்டுக்குள்தான் அலையின் மேடு பள்ளம் இரண்டையும் அடக்க வேண்டும். 18 வோல்ட் என்றால் இடம் இருமடங்காகும், டெசிபெல் கணக்கில் 6 கூடும். மேலும், திருத்தப்படாத குறிப்பையோ திருத்தப்பட்ட குறிப்பையோ டி.ஐ. வாயிலுக்குத் தெரிந்தனுப்பும் சுவிட்ச் இருந்தால், வாசிப்பவர் தம் காதுக்கு ஏற்ற நிறத்தை மேடையில் வைத்துக்கொண்டு, ஒலிப்பொறியாளருக்குத் தூய குறிப்பை அளிக்க முடியும்.

உறுதி தங்கும் இடங்கள்

வார்ப்பு அலுமினியப் பெட்டியோ மடித்த எஃகுத் தகடோ மேடையில் நசுங்குவது அரிது. பழுது தோன்றுவது இணைப்புகளில்தான். 6.35 மில்லிமீட்டர் ஜாக்கில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும் செருகி ஒரு நெம்புகோல். அதன் நுனியில் யாராவது இடறினால், அந்த விசை பெருகி ஜாக்கின் அடியில் இறங்குகிறது. ஜாக் மரையும் நட்டும் கொண்டு பெட்டியின் சுவரோடு இறுக்கப்பட்டிருந்தால் விசையைச் சுவர் வாங்கிக்கொள்ளும். மின்சுற்றுப் பலகையில் மட்டும் பற்றவைக்கப்பட்டிருந்தால் அதே விசை பற்றாசில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத கீறலை உண்டாக்கும். கால் சுவிட்சுக்கும் இது பொருந்தும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக்காலில் நின்றால் ஏறத்தாழ 690 நியூட்டன் விசை இறங்குகிறது. சுவிட்சின் நட்டு தளர்ந்திருந்தால் அவ்விசையின் ஒரு பகுதி பலகையை வளைக்கும். நட்டுகளை அவ்வப்போது இறுக்குவது என்ற ஐந்து நிமிட வேலை, பெட்டியின் ஆயுளை ஆண்டுக்கணக்கில் நீட்டும்.

வெப்பமும் ஈரமும் மெதுவாகச் செயல்படும் பகைகள். மின்பகு மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் ஏறும்தோறும் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொறியாளர்களின் நடைமுறை விதி. 105 பாகையில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட மின்தேக்கி, அவ்விதிப்படி 45 பாகையில் 1,28,000 மணி நேரம் தாங்கும். வெயிலில் பூட்டிய காரின் பின்பெட்டியில் 65 பாகையை எட்டினால் அது 32,000 மணி நேரமாகக் குறையும். கடற்கரை நகரங்களின் உப்புக்காற்று ஜாக்குகளின் தொடுமுனைகளை அரித்து, வாசிக்கும்போது பொரிபொரியென்ற ஓசையைத் தருகிறது. செருகியை உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது எளிய காப்பு.

மின்வழியில் வரும் பழுதுகள் இரண்டு. பெடல் அடாப்டர்களில் பொதுவாக நடுமுனை எதிர்மின்முனையாக இருக்கும். வீட்டுச் சாதனங்களின் அடாப்டர்கள் பலவற்றில் இது நேர்மாறு. தவறான அடாப்டர் செருகப்பட்டாலும் சுற்று எரியாதபடி காக்கும் டயோடு உள்ளே இருப்பது இன்றியமையாதது. அடுத்து, டி.ஐ. வாயிலில் மிக்சரிலிருந்து 48 வோல்ட் எதிர்பாராமல் வந்து சேரும். பல மிக்சர்களில் ஒரே சுவிட்ச் பல வாயில்களுக்கும் ஃபான்டம் மின்சாரத்தைச் செலுத்துவதால், பாடகரின் மைக்ரோஃபோனுக்காகத் திறந்தது பேஸ் பெடலையும் எட்டிவிடுகிறது. வெளியீட்டு மின்தேக்கிகள் அந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் தரத்தில் இல்லையென்றால், பெடல் அன்றோடு ஊமையாகிவிடலாம். ஃபான்டம் மின்சாரத்தைத் தாங்கும் என்று கையேட்டில் தெளிவாக எழுதப்பட்ட பெடலையே மேடைக்குத் தேர வேண்டும்.

தேர்வு

கடையில் பெடலை முழு ஒலியில் இயக்கி, செருகியை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். பொரிபொரிப்பு கேட்டால் ஜாக் பலகையில் மட்டுமே தொங்குகிறது என்று ஐயுறலாம். குமிழ்களைத் திருகும்போது தண்டு ஆடுகிறதா, மின்வாய்க்குள் செருகி தளர்வின்றி நிற்கிறதா என்பவற்றையும் சோதிக்க வேண்டும். இவையெல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை ஒன்று உண்டு: டி.ஐ. வாயிலை மிக்சரில் இணைத்து வாசித்துக்கொண்டிருக்கும்போதே அடாப்டரைப் பிடுங்க வேண்டும். சில பெடல்கள் ஃபான்டம் மின்சாரத்துக்கு மாறி இடையறாது தொடரும். சில, கருவியின் ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் விட்டு டி.ஐ. வாயிலை அடைத்துவிடும், சில முற்றிலும் அடங்கிவிடும். மூன்றாம் வகை எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், மேடையில் அதைத் தனியாக நம்புவது தகாது.

பேஸ் நின்றால் பாட்டின் தாளமும் சுருதியும் சேர்ந்தே அடித்தளத்தை இழக்கின்றன. ஆகவே முன்பெருக்கியின் நிறத்தை அவரவர் செவிக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். அதோடு, நல்ல உள்ளகம் கொண்ட மின்மாற்றி டி.ஐ. பெட்டி ஒன்றையும் ஒரு குட்டைக் கேபிளையும் பையில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். மின்கலமோ அடாப்டரோ கேட்காத அந்தப் பெட்டிக்குள் அணைந்துபோக எதுவும் இல்லை. முன்பெருக்கி அடங்கினாலும், கேபிளை மாற்றிச் செருகிய மறுகணமே பேஸ் மீண்டும் ஒலிக்கும்.